ஒரு படி போதாது! சுவடிக் கட்டு முதல் வீட்டு வழங்கி வரை



2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். பள்ளி ஆண்டிறுதி விடுமுறை தொடங்கிய வாரம். தம்போயில் அந்தப் பருவத்தில் மாலை மழை தவறுவதில்லை. அன்று மழையோடு இடியும் மின்னலும் சேர்ந்து வந்தன. ஒரே ஒரு மின்னல்! வீடு முழுதும் ஒரு கணம் வெளுத்து, பின் இருண்டது. மீண்டும் மின்சாரம் வந்தபோது விளக்குகள் எரிந்தன, விசிறி சுழன்றது. என் படிப்பறையின் மூலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த பழைய கணினி மட்டும் எழவில்லை.

அந்தக் கணினியைத்தான் நான் வீட்டு வழங்கியாக வைத்திருந்தேன். 'சர்வர்' என்று வழக்கில் சொல்கிறோமே, அதுதான். வீட்டிலுள்ள மற்றக் கணினிகளின் கோப்புகள் யாவும் அங்கே போய்ச் சேரும்படி அமைத்திருந்தேன். அதனுள் இரண்டு வன்தட்டுகள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றொன்றிலும் எழுதப்படும். போதாதென்று மூன்றாவதாக ஒரு வெளி வன்தட்டையும் அதே கணினியில் செருகி வைத்திருந்தேன். "மூன்று இடத்தில் இருக்கிறது, இனி என்ன கவலை!" என்று நண்பர்களிடம் பெருமை பேசியதும் உண்டு.

மூன்றும் ஒரே கம்பியின் வழி வந்த மின்சாரத்தில் ஓடியவை. மூன்றும் ஒரே நொடியில் போயின.

போனவற்றுள் தேர்வுத்தாள்களும் பயிற்சித்தாள்களும் ஏராளம். அவற்றை மீண்டும் எழுதிக்கொள்ளலாம். எழுத முடியாதது ஒன்று இருந்தது. எங்கள் வட்டாரத்தில் மூடப்பட்ட ஒரு தோட்டப் பள்ளியின் பழைய வகுப்புப் படங்கள், கலைநிகழ்ச்சி அழைப்பிதழ்கள், கையெழுத்தில் இருந்த வருகைக் குறிப்புகள் ஆகியவற்றை 2005 முதல் 2008 வரை வீடு வீடாகச் சென்று இரவல் வாங்கி, வருடியில் இட்டுப் படம் எடுத்து வைத்திருந்தேன். அப்பள்ளியில் பணியாற்றிய முதியவர் ஒருவரின் குரலையும், பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர் பாடிய தாலாட்டையும் பதிவு செய்திருந்தேன். மின்னல் அடித்த நாளில் அவ்விருவருமே உயிரோடு இல்லை.

இந்த இழப்புக்குப் பின்தான் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் நம்மிடம் இருக்கிறது என்று வகுப்பறையில் பெருமையோடு சொல்கிறோம். மின்சாரமும் இல்லாத, வன்தட்டும் இல்லாத காலத்தில் அது எப்படி நம் கைக்கு வந்து சேர்ந்தது? அதைத் தேடிப் படித்ததில் நான் கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சுவடி வைத்திருந்த வீடுகள்

பனையோலையைப் பதப்படுத்தி, அளவாக நறுக்கி, துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் பலகை வைத்துக் கட்டியதே சுவடி. எழுத்தாணியால் கீறிய எழுத்துத் தெரிவதற்குக் கரிய மை பூசுவார்கள். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலை என்றென்றைக்கும் இராது. நன்றாகப் பேணினாலும் சில நூறு ஆண்டுகள்தாம். கரையானும் இராமபாணப் பூச்சியும் அதற்கு முன்பே வேலையை முடித்துவிடும்.

ஆகவே, சங்கப் பாடல்களை முதன்முதலில் எழுதிய ஓலை எதுவும் இன்று நம்மிடம் இல்லை. நம்மிடம் உள்ளவை படிக்குப் படி, அதற்கும் படி! ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர், ஓர் ஆசிரியரோ, மாணவரோ, மடத்துத் தம்பிரானோ, உட்கார்ந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினார். அவர் அவ்வாறு எழுதாமல் விட்டிருந்தால் அந்த நூல் அத்தலைமுறையோடு முடிந்திருக்கும். 'ஏடு காத்தார்கள்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவர்கள் ஏட்டைக் காக்கவில்லை, படி எடுத்தார்கள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் சாரம்.

படி எடுக்கப்படாதவை என்னவாயின? ஐம்பெருங்காப்பியங்கள் என்று ஐந்து பெயர்களை மாணவர்களை மனனம் செய்ய வைக்கிறோம். அவற்றுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக இல்லை. வேறு நூல்களிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்ட சில பாடல்களே அவற்றில் மிஞ்சியவை. காப்பியம் போயிற்று, பிறர் எடுத்து வைத்த துணுக்குகள் பிழைத்தன. அந்தத் துணுக்குகளும் ஒருவகைப் படிகள்தாமே!

உ.வே.சாமிநாதையர் (1855–1942) கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்தபோது, 1880-இல் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவர் கேட்ட கேள்வி ஐயரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. ஏழாண்டு உழைப்புக்குப் பின் 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை எனத் தொடர்ந்து வந்தன. அதே காலத்தில் யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி.வை.தாமோதரம் பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-லும் கலித்தொகையை 1887-லும் பதிப்பித்தார்.

இவர்கள் ஒரு சுவடியைக் கண்டதும் அச்சகத்துக்கு ஓடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே நூலின் பல படிகளைத் தேடினார்கள். ஒரு படியில் பூச்சி அரித்த இடம் இன்னொன்றில் முழுமையாக இருக்கும். ஒருவர் பிழையாக எழுதியதை மற்றவர் சரியாக எழுதியிருப்பார். பல ஊர்களில், பல வீடுகளில், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் கிடந்த படிகளே நூலை மீட்டுக் கொடுத்தன.

மறுபக்கமும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருப்பதாக அறிந்து ஐயர் அங்கே சென்றார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக அவருக்குச் சொல்லப்பட்டது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அப்படிச் செய்தவர்கள் தீயவர்கள் அல்லர். பழுதான புனிதப் பொருளை மரியாதையோடு அனுப்பி வைத்ததாகவே எண்ணினார்கள். புதிய படி எடுத்துவிட்டுப் பழையதை விடுவது முறை. காலப்போக்கில் முதற்பாதி மறந்துபோய், இரண்டாம் பாதி மட்டும் சடங்காக நின்றுவிட்டது போலும்!

ஒரே இடத்தில் இருந்ததால்...

ஓலையிலிருந்து அச்சுக்கு வந்த பிறகாவது ஆபத்து நீங்கியதா என்றால், இல்லை. அதற்கு யாழ்ப்பாணம் சான்று.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கம் ஒரு வீடுதான். 1933-இல் க.மு.செல்லப்பா என்பவர் தம் வீட்டில் நூல்களைச் சேர்த்து, பிறர் படிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அது வளர்ந்து பொது நூலகமாகி, 1959-இல் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டது. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி அந்நூலகம் தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் உயிர் துறந்தார்.

அந்த நிகழ்வின் அரசியலும் கொடுமையும் பலரும் எழுதியவை. ஓர் ஆசிரியனாக நான் அதில் காண்பது இன்னொரு பாடம். எரிந்த அச்சு நூல்களுள் பலவற்றுக்கு உலகின் வேறு மூலைகளில் படிகள் இருந்தன. தேடினால், பணம் செலவிட்டால், மீண்டும் வாங்கி அடுக்கலாம். கட்டடத்தையும் மீண்டும் எழுப்பினார்கள். ஆனால், அங்கே மட்டுமே இருந்த கையெழுத்துச் சுவடிக்கு எந்த ஊரில் படி கிடைக்கும்? தீயின் முன் இரண்டும் ஒன்றுபோல் எரிந்தன. மறுநாள் காலையில்தான் அவற்றின் வேறுபாடு தெரிந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு கதை செட்டிநாட்டில் நடந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள், நாடக விளம்பரங்கள் என அவர் தம் வீட்டில் சேர்த்தவை ஓர் இலட்சம் அளவில் இருந்தன. 1992-இல் அவர் மறைந்தார். அந்தத் தொகுப்பு பழைய தாள் கடைக்குப் போகாமல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அங்கே முதலில் நடந்த பெரிய பணி எது தெரியுமா? நூல்களை நுண்படச் சுருளில் படி எடுத்ததுதான்! சேர்த்தவர் தனி மனிதர். சேர்த்த இடம் வீடு. எனினும், படி எடுத்த பிறகே அது பாதுகாப்பாயிற்று.

நம் மண்ணின் நிலை

இவையெல்லாம் தமிழகத்திலும் ஈழத்திலும் நடந்தவை. மலேசியாவிலுள்ள நமக்கென்ன என்று எண்ண வேண்டா. தம்போயிலிருந்து பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கே 1887-இல் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழ் தொடங்கியது. அவ்விதழை இன்று நம் வீட்டிலிருந்தே சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையப் பக்கத்தில் படிக்க முடிகிறது. கோ.சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு'ம் அங்கே பக்கம் பக்கமாக மின்படியாக்கப்பட்டுள்ளது. 2015-இல், சிங்கப்பூர் விடுதலை பெற்ற பொன்விழா ஆண்டில், அருண் மகிழ்நன் தலைமையில் தன்னார்வலர்கள் கூடி ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்படியாக்கி நாட்டுக்கு அளித்தார்கள்.

நம் பக்கம் பார்ப்போம். 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது. தொண்ணூற்றைந்து ஆண்டுச் செய்திகள்! நம் தாத்தாக்களின் போராட்டங்களும் திருமண அறிவிப்புகளும் சிறுகதைகளும் அதில்தான் இருக்கின்றன. நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது நாம் அடிக்கடி மேற்கோள் காட்டும் கணக்கு. இன்று இருப்பவை ஐந்நூற்றுச் சொச்சம். மூடப்பட்டும் இணைக்கப்பட்டும் போன ஒவ்வொரு தோட்டப் பள்ளிக்கும் ஒரு பதிவேடு இருந்தது; ஒரு குழுப்படம் இருந்தது; கையால் எழுதிய ஓர் ஆண்டு மலர் இருந்திருக்கலாம். அவை பெரும்பாலும் ஒரே ஒரு படிதான். ஏதோ ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் அலமாரியில் இருக்கலாம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைப் புரட்டிய வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தவை என்னவாயின என்று கோத்தா திங்கியிலும் சிகாமட்டிலும் கேட்டால் சொல்வார்கள்.

கணினியில் ஏறிய ஏடு

1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு.கல்யாணசுந்தரம் இதன் தலைவர். அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்சுனன் துணைநின்றார். அலுவலகமும் இல்லை, ஊதியமும் இல்லை. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் தத்தம் வீடுகளில் அமர்ந்து நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். வேறு சிலர் பிழை பார்த்தார்கள். எண்ணூறைக் கடந்த மின்னூல்கள் இன்று அங்கே உள்ளன.

மதுரைத் திட்டக் கோப்பு ஒவ்வொன்றின் முகப்பிலும் ஓர் அறிவிப்பு இருக்கும். முகப்புப் பக்கத்தை மாற்றாமல் வைத்திருந்தால் யாரும் இக்கோப்பைத் தடையின்றிப் பரப்பலாம் என்பது அதன் பொருள். பலர் இதைப் படிக்காமலே கடந்துவிடுவார்கள். எனக்கோ, அத்திட்டத்தின் உயிரே அந்த வரியில் இருப்பதாகத் தோன்றுகிறது. தலைமை வழங்கி நாளையே நின்றுபோனாலும், ஆயிரம் வீடுகளில் இறக்கி வைத்த படிகள் இருக்கும். ஏடு படி எடுத்த பழைய மரபு அதில் மீண்டும் பிறந்தது. 2005-இல் ஈழத்துத் தமிழர்கள் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகமும் இவ்வழியே வந்தது. யாழ்ப்பாணத் தீயின் நினைவு அதன் பின்னணியில் இருப்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

படி இருந்தால் மட்டும் போதாது. அதைப் படிக்கவும் முடிய வேண்டும். ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றிக் கிடக்கும். ஏடு கையில் இருந்தும் வாசிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் ஓலை. கணினியிலும் அதே நிலை நேர்ந்தது. தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. நம் மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு, கல்யாணசுந்தரத்தின் மயிலை, பின்னர் பலர் கூடி வகுத்த திஸ்கி, 1999-இல் தமிழக அரசு ஏற்ற தாம், தாப் எனப் பல. ஒன்றில் எழுதியதை இன்னோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். ஒருங்குறி பரவலாகிய பிறகே இந்தக் குழப்பம் அடங்கியது. மதுரைத் திட்டத்தினர் தம் பழைய கோப்புகளை உழைத்து ஒருங்குறிக்கு மாற்றினார்கள். நம்முள் எத்தனை ஆசிரியர்கள் தம் பழைய பயிற்சித்தாள்களை மாற்றினோம்?

இரவல் அலமாரிகள்

"வீட்டில் ஏன் வைக்க வேண்டும்? இணையத்தில் இலவசமாக வைத்துக்கொள்ளலாமே!" என்று சிலர் கேட்பார்கள். நானும் அப்படி எண்ணியவன்தான். என்னைப் போன்றோர் முதன்முதலில் அகப்பக்கம் அமைத்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தமிழ் இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் எத்தனையோ இலக்கிய உரையாடல்கள் யாஹூ மடற்குழுக்களில்தான் நடந்தன. நம் கெடா மாநிலம் சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த மருத்துவர் செ.ஜெயபாரதி நடத்திய 'அகத்தியர்' குழுவும் அவற்றுள் ஒன்று. இலக்கியம், வரலாறு, சித்தர் மரபு என அவர் அங்கே அள்ளி வழங்கியவை மிகப் பல. அவர் 2015-இல் மறைந்தார். யாஹூ நிறுவனம் 2019 டிசம்பரில் குழுக்களின் பழைய மடல்களை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் அந்தச் சேவையையே முடித்தது. முன்னறிவிப்புக் கொடுத்தார்கள். ஆனால், மறைந்தவர்கள் அறிவிப்பைப் படிப்பதில்லை அல்லவா? யார் தம் கணினியில் மடல்களை இறக்கி வைத்தார்களோ, அவர்களிடம் மட்டுமே அவை மிஞ்சும்.

இரவல் அலமாரி வேண்டா என்று சொல்லவில்லை. அது ஒரு படி. ஒரே படியாக இருந்துவிடக் கூடாது.

உலகம் கற்ற பாடம்

1956-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் ஐம்பது தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய ஐம்பது இலட்சம் எழுத்துகளே கொள்ளும். இன்று மாணவன் சட்டைப்பையில் வைத்திருக்கும் விரலி அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கொள்கிறது. கொள்ளளவு பெருகியதே தவிர, பழுதாகும் குணம் போகவில்லை. 1988-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர், மலிவான பல வன்தட்டுகளை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று பழுதானாலும் தகவல் போகாத 'ரெய்டு' முறையை விளக்கினார்கள். என் வீட்டு வழங்கியின் இரட்டைத் தட்டும் அந்த வழியில் வந்ததே.

ஆனால், நான் பிழையாகப் புரிந்துகொண்டிருந்தேன். இரட்டைத் தட்டு ஒரு தட்டின் பழுதை மட்டுமே தாங்கும். மின்னலைத் தாங்காது, திருட்டைத் தாங்காது. நாமே தவறுதலாக ஒரு கோப்பை நீக்கினால், அது இரண்டு தட்டிலிருந்தும் அக்கணமே நீங்கும். ஒரே நூலை இரு முறை எழுதி ஒரே கயிற்றில் கட்டி வைப்பது போன்றது இது. கரையான் கட்டுக்குள் நுழைந்தால் இரண்டுக்கும் ஒரே கதிதான்!

பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் 'டாய் ஸ்டோரி 2' திரைப்படத்துக்கு 1998-இல் நேர்ந்ததைக் கேளுங்கள். தயாரிப்பின் நடுவே யாரோ இட்ட ஒரு தவறான கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. காப்புப்படியைத் தேடினார்கள். அதுவோ பல நாள்களாகச் சரியாகப் பதிவாகவே இல்லை. யாரும் திறந்து பார்த்திருக்கவில்லை! தொழில்நுட்ப இயக்குநர்களுள் ஒருவரான கேலின் சூஸ்மன் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பணி செய்ததால், அவர் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, மகிழுந்தில் பத்திரமாகக் கொண்டுவந்து படத்தை மீட்டார்கள். பெரிய நிறுவனத்தைக் காத்தது ஒரு தாயின் வீட்டுக் கணினி!

மூன்று படிகள், இரண்டு வகைப் பொருள்களில், ஒன்று வேறோர் இடத்தில் என்ற எளிய விதியை அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோக் 2000-களில் பரப்பினார். நம் முன்னோர் இவ்விதியை எண்ணிட்டு எழுதி வைக்கவில்லை. ஆனால், திருநெல்வேலியில் ஒன்றும் தஞ்சையில் ஒன்றும் யாழ்ப்பாணத்தில் ஒன்றுமாக நூல்கள் பிழைத்த வழி இதுதான்.

மீண்டும் என் வீட்டுக்கு

மின்னல் அடித்துச் சில வாரங்கள் கழித்து, பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு மாணவியின் தந்தையைச் சந்தித்தேன். பேச்சுவாக்கில் நடந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "ஐயா, அந்தத் தோட்டத்துப் படமெல்லாம் எங்க அப்பாவுக்கு ஒரு தட்டுல போட்டுக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? அப்பா அதைச் சாமி அலமாரியிலதான் வச்சிருந்தாரு. இன்னும் அங்கேயேதான் இருக்குங்கய்யா" என்றார்.

2008-இல் நான் கொடுத்த குறுந்தட்டு அது. நான் மறந்தே போனேன். திருநீற்று மணத்தோடு அது என் கைக்குத் திரும்பி வந்தது. மேற்பரப்பில் ஓரிடத்தில் பூச்சு உரிந்திருந்தது. சில படங்கள் திறக்கவில்லை, பெரும்பாலானவை திறந்தன. என் குறிப்புகள் பழைய எழுத்துருவில் இருந்ததால் முதலில் புரியாத குறிகளாகத் தோன்றின. மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்தேன். படங்களும் குறிப்புகளும் பிழைத்தன.

ஒலிப்பதிவுகள் அத்தட்டில் இல்லை. கோப்பின் அளவு பெரிது, இடம் போதாது என்று அன்று விட்டுவிட்டேன். இன்னொரு தட்டு எடுத்திருக்கலாம். ஒரு வெற்றுத் தட்டின் விலை அன்று ஒரு ரிங்கிட்டுகூட இருந்திராது. அந்தப் பாட்டியின் தாலாட்டு இனி எங்கும் இல்லை.

இப்போது என் வீட்டில் மீண்டும் ஒரு வழங்கி ஓடுகிறது. அதைப் பேணும் முறையை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

1. வழங்கியில் உள்ளவற்றை மாதம் ஒருமுறை வெளி வன்தட்டில் படி எடுக்கிறேன். எடுத்ததும் அதைக் கழற்றி, மின்சாரத்தோடு தொடர்பில்லாமல் உயரமான இடத்தில் வைக்கிறேன்.

2. இன்னொரு வன்தட்டு குளுவாங்கில் என் தமக்கை வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் செல்லும்போது மாற்றி வைக்கிறேன். ஜொகூர் பாருவில் அடிக்கும் மின்னல் குளுவாங்கை எட்டாது!

3. ஆண்டுக்கு ஒருமுறை, சரசுவதி பூசையன்று, படிகளைத் திறந்து பார்க்கிறேன். நம் முன்னோர் அந்நாளில் ஏடுகளை எடுத்துத் துடைத்து வைத்தார்கள் அல்லவா? திறந்து பார்க்காத படி, படியே அன்று.

4. பழைய எழுத்துருக் கோப்புகள் யாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டேன்.

5. மாணவர்களின் அடையாள அட்டை எண், குடும்ப விவரம் போன்றவற்றை வீட்டு வழங்கியில் வைப்பதில்லை. அவை பள்ளிக்கு உரியவை. நம் விருப்பம்போல் படி எடுக்கத் தக்கவை அல்ல.

6. வரலாற்றுப் படங்களாயின், அவற்றைக் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு படி கட்டாயம் கொடுக்கிறேன். இதுவே எல்லாவற்றிலும் பாதுகாப்பான காப்பகம் என்பதைச் சாமி அலமாரி எனக்குக் கற்பித்தது.

ஆசிரியர்களே, உங்கள் பள்ளியின் முதல் ஆண்டு மலர் எங்கே இருக்கிறது? அதற்கு எத்தனை படிகள் உள்ளன? பெற்றோர்களே, உங்கள் தாய்தந்தையர் படித்த தோட்டப் பள்ளியின் குழுப்படம் சுவரில் தொங்குகிறதா? அதைத் திறன்பேசியில் ஒரு படம் எடுத்து, புலனத்தில் அனுப்பியதோடு நின்றுவிடாமல், யார் யார் படத்தில் இருக்கிறார்கள் என்று பெயரும் ஆண்டும் எழுதி, இரண்டு வீடுகளில் வையுங்கள். பாட்டி பாடினால் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த அன்றே இன்னொருவருக்குக் கொடுங்கள்.

உ.வே.சா. போன்ற ஒருவர் நாளை நம் மண்ணின் கதையைத் தேடி வரக்கூடும். அவர் கதவைத் தட்டும்போது, "இருந்தது ஐயா, போய்விட்டது" என்று சொல்லும் நிலை நமக்கு வேண்டா.

ஒரு படி போதாது. இன்றே இன்னொரு படி எடுப்போம்!